கொட்டகைக் கதவில் படுத்த காலம்

என் முதுகு எங்கே போனது என்று எனக்குச் சரியாகத் தெரியும். ரங்கூனை விட்டுக் கிளம்பிய இரண்டாம் நாள் காலை, சரக்கு அறையின் வாயை மூடும் பலகைகளில் ஒன்றை நானும் இன்னொருவனும் தூக்கிக்கொண்டிருந்தோம். மழையில் ஊறிய பலகை. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தபோது எதிரில் இருந்தவன் கால் வழுக்கிப் பலகையை விட்டுவிட்டான். முழுக் கனமும் என் கைக்கு வந்தது. நானும் விட்டிருக்கலாம். விட்டால் கீழே மூட்டை அடுக்குகிறவர்கள் தலையில் விழும் என்பதால் பிடித்துக்கொண்டேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அப்படி யோசித்த ஞாபகம் இல்லை. கை விடவில்லை, அவ்வளவுதான். இடுப்பில் ஏதோ ஒன்று இடம் மாறியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் இருவர் தாங்கி என்னை இறக்கினார்கள். டாக்டர் குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு மல்லாந்து படுத்து ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னார். இடது கால் ஒரு சாணுக்கு மேல் எழவில்லை. ஆறு மாதம் பலகையில் படு, பாரம் தூக்காதே, குனியாதே என்றார். என் கப்பல் புத்தகத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே இருந்த குமாஸ்தாவிடம் அதைப் படித்துச் சொல்லக் கேட்டேன். இப்போது கடல் வேலைக்கு ஏற்றவன் அல்ல, குணமானால் மறுபடி சோதித்துச் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தது. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நான் சுக்கான் பிடித்த கப்பல் வேறொருவனைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரமே போய்விட்டது.

அது போர் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். எனக்கு வயது முப்பத்து மூன்று.

மொரப்பூர் வரை என்னால் உட்கார முடியவில்லை. பாதி வழி கதவோரம் நின்றேன். மீதி வழி இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே தரையில் படுத்தேன். ஜனங்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். குடிகாரன் என்று ஒரு அம்மாள் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் இறங்கி, அரூர்ப் பக்கம் போகும் ஒரு மாட்டு வண்டியில் கடலைக்கொடியின் மேல் குப்புறப் படுத்து ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் என் மனைவி மட்டும் இருந்தாள். அவளை எனக்கு அதிகம் தெரியாது. இப்படி எழுதுவது விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதில் நான் ஊரில் இருந்தது எல்லாம் சேர்த்துப் பத்து மாதம் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் விருந்தாளியைப் போல வருவேன். அவள் கோழி அடிப்பாள். நான் வாங்கி வந்த சீனத்துப் பட்டையும் கண்ணாடிக் குவளையையும் பக்கத்து வீடுகளில் காட்டுவாள். பேச்சு முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். நாலாவது வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்து பத்தொன்பது நாளில் இறந்துபோனது. பிறந்த செய்தியும் இறந்த செய்தியும் அம்மா ஆள் வைத்து எழுதிய ஒரே கடிதத்தில், இரண்டு மாதம் கழித்து, சிங்கப்பூரில் என் கைக்கு வந்தன. அடுத்து ஊருக்கு வந்தபோது அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் அம்மா இருந்தவரை அவளுக்கு ஒரு துணை இருந்தது. அம்மா போன பிறகு மூன்று வருஷமாக இரண்டரை ஏக்கரையும் ஒரு கிணற்றையும் ஒரு ஜோடி மாட்டையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வண்டியிலிருந்து இறங்க முடியாமல் இறங்கியதை வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். பலகையில் படுக்கச் சொன்னதைச் சொன்னேன். வீட்டில் பலகை ஏது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பின்பக்கம் போனாள். மாட்டுக் கொட்டகையின் கதவைக் குடுமியிலிருந்து கழற்றி, முதுகில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்து, நடுவீட்டில் ராகிக் குதிர் இருந்த இடத்தைக் காலி செய்து போட்டாள். சாணி வாடை போகச் சாம்பல் தேய்த்துக் கழுவினாள். அதன் மேல் ஒரு கோரைப்பாய். அன்று முதல் கொட்டகைக்குப் படல் கட்டிய கதவு, எனக்கு மரக்கதவு.

மறுநாள் காலை எழுந்திருக்க நான் பட்ட பாட்டைப் பார்த்து அவள் அருகில் வந்தாள்.

"நேரா எந்திரிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுங்க. ரெண்டு முட்டியும் மடக்குங்க. இப்பக் கைய ஊனி எந்திரிங்க."

அப்படியே செய்தேன். வலி பாதிதான் இருந்தது. சென்னை டாக்டர் கூட இதைச் சொல்லித் தரவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பெண்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பத்து நாள் ஊரே வந்தது. கப்பலிலிருந்து விழுந்துவிட்டாயா, மீன் கடித்ததா, கடல் தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு வருவது நின்றுவிட்டது. அது அறுப்புக் காலம், யாரைக் குறை சொல்ல?

அவள் விடிந்ததும் கழனிக்குப் போவாள். போகும் முன் ஒரு செம்பு தண்ணீரும் மூடிய களியும் கை எட்டும் தூரத்தில் வைப்பாள். உச்சிக்கு வந்து பார்த்துவிட்டு மறுபடியும் போவாள். இடையில் நானும் கூரையும்தான். கப்பலில் ஒரு சின்ன அறையில் பன்னிரண்டு பேர் படுப்போம். இயந்திரச் சத்தம் இரவும் பகலும் ஓயாது. ஒருவன் இருமினால் இன்னொருவன் திட்டுவான். பதினைந்து வருஷம் அந்தச் சத்தத்துக்குள் இருந்துவிட்டு, ஒரு கோழி நடக்கும் சத்தம் கேட்கிற வீட்டில் படுத்திருந்தது எனக்குக் காது அடைத்ததைப் போல இருந்தது. சில நாள் காலையில் அவளிடம் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு மாலை வரை என் குரலை நான் கேட்டதில்லை. தும்மல் வந்தால் பயந்து கதவின் ஓரத்தை இறுக்கிப் பிடிப்பேன். தும்மலை எதிர்பார்ப்பதே ஒரு வேலையாக இருந்தது.

கூச்சமான காரியங்களும் உண்டு. வேட்டி கட்டக் கொஞ்சம் குனிய வேண்டும், அதனால் அவள் கட்டிவிட்டாள். தலைக்கு அவள் தண்ணீர் ஊற்ற, சிறுபிள்ளை மாதிரி நின்றேன். காலைக்கடனுக்குக் குந்த முடியாது. அவள் கொல்லையில் இரண்டு கவட்டைக் கம்பு நட்டு, நான் பிடித்துக்கொண்டு பாதி குந்த ஒரு குறுக்குக் கட்டை கட்டினாள். அதைக் கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் துணி நனைத்து இடுப்பில் போடுவாள், சில நாள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவாள். அவள் கை என் முதுகில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில்கூட நாங்கள் மாடு, மழை, வரப்பு தவிர வேறு பேசவில்லை.

மூன்றாவது மாதம் நிற்கவும் மெதுவாக நடக்கவும் முடிந்தது. உட்கார்ந்தால்தான் இடது தொடையில் தீ வைத்த மாதிரி இருக்கும். அதனால் நின்றே சாப்பிடப் பழகினேன். வீட்டில் ஏதாவது ஒரு காரியத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்று தோன்றியது. மேட்டுக் காட்டில் இந்தத் தடவை சாமைக்குப் பதில் கடலை போடலாமே என்றேன். "செரிங்க" என்றாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சாமைதான் முளைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தபோது கோபப்பட நான் யார் என்றும் தோன்றியது. அந்த மண்ணில் நான் கடைசியாக ஏர் பிடித்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. மாடுகள்கூட அவள் குரலுக்குத்தான் திரும்பின.

சித்தேரி மலையிலிருந்து அரூர்ச் சந்தைக்குத் தேனும் கடுக்காயும் கொண்டுவரும் ஒருவர் நரம்பு பார்ப்பார் என்று கேள்விப்பட்டு ஒரு சந்தை நாளில் போனோம். வண்டியில் வைக்கோல் பரப்பி நான் படுத்தேன். அவள் வண்டி ஓட்டினாள். பெண் வண்டி ஓட்ட ஆண் படுத்து வருவதை ரோட்டில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பள்ளம் வந்த இடமெல்லாம் அவள் மாட்டை நிறுத்தி, சக்கரம் சக்கரமாக இறக்கி ஏற்றினாள்.

மலைக்காரர் வயதானவர். சந்தைக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் என்னைக் குப்புறப் போட்டுக் கட்டை விரலால் முதுகெலும்பை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். நான் பல்லைக் கடித்தேன். அவர் எண்ணெயும் கொடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை.

"இது உங்கள வுட்டுப் போவாதுங்க. கொறையும், ஏறும். நீங்கதான் இதோட குடித்தனம் பண்ணிப் பழகணும்."

திரும்பும்போது அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அவள் நம்பினாள் என்று வண்டியை முன்னைவிட மெதுவாக ஓட்டியதில் தெரிந்தது.

போர் தொடங்கியது. கப்பல்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, வயதானவர்களையும் எடுக்கிறார்கள் என்று மொரப்பூர் ஸ்டேஷனில் ஒரு வியாபாரி சொல்லக் கேட்டேன். அப்போது எனக்கு வலி குறைந்திருந்த காலம். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டினால் இரண்டு மைல் நடப்பேன். சுக்கான் பிடிப்பது நின்று செய்யும் வேலைதானே, நான்கு மணி நேரம் என்னால் நிற்க முடியாதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன், இரண்டு நாள் ஆகும் என்று அவளிடம் பொய் சொன்னேன். அவள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். டிரங்குப் பெட்டியிலிருந்து கப்பல் புத்தகத்தை எடுத்து வேட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

சென்னையில் டாக்டர் வேறு ஆள். வரிசை நீளமாக இருந்தது. அவர் என் கண்ணையும் நாக்கையும் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், புத்தகத்தைத் திறந்து கையெழுத்துப் போட்டார். குனியச் சொல்வார் என்று இரண்டு நாளாகப் பயந்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் கப்பல் ஏறினோம். சென்னையில் வாங்கிய படுக்கைச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகிற ஏணிப்பாதையில் வரிசையாக ஏறினோம். பாதி தூரத்தில் இடது கால் செத்துப்போனது. வலிகூட இல்லை. கால் இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள். மேலே எங்களை மேய்க்கும் செராங்கு நின்றுகொண்டிருந்தார், நாகப்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என் கையையும் காலையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, எறங்கிடுங்க. மேல வந்துட்டா அப்பறம் நடுக்கடல்ல எறக்கிவிட முடியாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இறங்கினேன். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் ஒதுங்கி வழிவிட்டார்கள். கீழே வந்ததும் படுக்கைச் சுருளை ஒருவன் என் காலடியில் வைத்துவிட்டு ஏறிப்போனான். அன்று சாயந்தரம் வரை துறைமுகத்தில் நின்றேன். கப்பல் போவதைப் பார்க்க நிற்கவில்லை. எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாததால் நின்றேன்.

இரண்டு நாள் என்று சொன்னவன் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நடுவீட்டில் என் படுக்கை இல்லை. அந்த இடத்தில் ராகிக் குதிர் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் போனேன். மரக்கதவு கொட்டகையில் பழைய குடுமியில் மாட்டப்பட்டிருந்தது. படலைப் பிரித்து அடுப்புக்கு வைத்திருந்தாள். கொல்லையில் நட்ட கவட்டைக் கம்புகள்கூட இல்லை. நான் இருந்ததற்கு அடையாளமே இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"கப்பலுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே பெட்டியைத் திறந்து பார்த்ததாகவும் புத்தகம் இல்லை என்றும் சொன்னாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒன்பது வருஷமாகப் போகிறவன், மறுபடியும் போயிருக்கிறான், வீட்டைப் பழையபடி ஒழுங்கு செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்பது போல இருந்தது. என்னை ஏணியிலிருந்து இறக்கிவிட்டதைச் சொன்னேன். "ம்" என்றாள். பிறகு கொட்டகைக்குப் போய்க் கதவை மறுபடியும் கழற்ற ஆரம்பித்தாள்.

நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாகத் தூக்கினாள். இரண்டு அடி வந்தவள் சட்டென்று கதவைத் தரையில் ஊன்றி, அதன் மேலேயே சாய்ந்து, ஒரு கையை இடுப்பின் பின்புறம் வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சை வெளியே விடவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நிற்பை எனக்குத் தெரியும். நான் தினமும் அப்படித்தான் நின்றேன்.

"உனக்கும் இருக்குதா?" என்றேன்.

"அது ரொம்ப நாளா இருக்குதுங்க."

"எப்ப இருந்து?"

"அந்தப் புள்ள பொறந்ததுல இருந்து" என்றாள்.

ஐந்து வருஷம். ஐந்து வருஷமாகத் தண்ணீர் இறைத்து, நாற்றுக் கட்டைச் சுமந்து, என்னையும் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். அவளுக்கு யாரும் கதவு கழற்றிப் போடவில்லை. ஒருக்களித்து எழும் வித்தையை அவள் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். யாரிடம் சொல்லியிருப்பாள்? கடிதம் எழுதத் தெரியாதவள். நான் கேட்கவில்லை. அதற்குப் பதில், எனக்கே தெரியாமல், குழந்தை யார் ஜாடை என்று கேட்டேன்.

கொட்டகைக் கதவின் இரண்டு பக்கமும் நாங்கள் நின்றுகொண்டே பேசினோம். அவளாலும் அப்போது உட்கார முடியவில்லை. தலை நிறைய முடி என்றாள். என் அம்மாவின் நெற்றியாம். வலது காதில் ஒரு சின்னத் துளை பிறக்கும்போதே இருந்ததாம். பத்தாம் நாள் வரை நன்றாகப் பால் குடித்ததாம். பிறகு குடிக்கவில்லையாம். அழுகைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போனதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் மாடு கத்தவே, போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

நாலைந்து நாள் கழித்து என்னை ஓடைப் பக்கம் கூட்டிப் போனாள். குழந்தையைப் புதைத்தது இரண்டு புங்கமரத்துக்கு நடுவில் என்றாள். ஆனால் பிற்பாடு ஒரு வெள்ளம் வந்து கரையை அறுத்து மரத்தில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தது. அவள் அங்கும் இங்கும் நடந்து பார்த்தாள். "இங்கதாங்க எங்கியோ" என்றாள். மணலும் கோரையுமாக இருந்தது. களை எடுக்கும் ஆட்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள், போய்விட்டாள். நான் வெயில் ஏறும் வரை நின்றிருந்தேன். எந்த இடத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லா இடத்தையும் பார்த்தேன்.

அதன் பிறகு எங்களுக்குள் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அவள் குறைவாகப் பேசுகிறவள், நானும் பேசத் தெரியாதவன். வேலையை மட்டும் பிரித்துக்கொண்டோம். நின்று செய்வது எல்லாம் என்னுடையது: இடிப்பது, தூற்றுவது, கிணற்றில் கவலை ஏற்றத்து மாட்டை முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைப்பது. குனிந்து செய்வதற்கு ஆள் வைத்தோம். ஒருவருக்கு வலி ஏறிய நாளில் மற்றவர் உப்பு வறுத்தோம். இரண்டு பேருக்கும் ஏறிய நாளில் அடுப்பு எரியாது.

அரூரில் ஒரு புளி மண்டியில் தராசுப் பக்கம் நின்று எடை கூவும் ஆள் தேவைப்பட்டது. காலை முதல் மாலை வரை உட்காரவே முடியாத வேலை, அதனால் யாரும் நிலைக்கவில்லை. எனக்கு அதுவே தோதாக இருந்தது. போர் முடியும் வரை, முடிந்த பிறகும், தினமும் போய் வந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில், இடம் காலியாக இருந்தாலும் நின்றே போவேன். முதலில் ஜனங்கள் உட்காரச் சொன்னார்கள். பிறகு திமிர் பிடித்தவன் என்று விட்டுவிட்டார்கள். மண்டியில் எல்லோரும் மதியம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். நான் தூணோரம் நின்று சாப்பிடுவேன். பேச்சு என் முழங்கால் உயரத்தில் நடக்கும். குனிந்து கலந்துகொள்ள முடியாதவனை ஒரு வருஷத்துக்குப் பிறகு யாரும் பேச்சில் சேர்க்கவில்லை. சாயந்தரம் தொண்டை கம்மிப்போய் வீட்டுக்கு வருவேன். நாள் முழுவதும் கத்தியிருப்பேன். ஆனால் ஒருவரிடமும் பேசியிருக்க மாட்டேன்.

ஒரு ஐப்பசியில், வழியில் கரியடுப்பு அணைந்து பஸ் நின்றுவிட்டது. மழைத் தூறலில் எல்லோரும் இறங்கி நடந்தோம். நாலு மைல். மற்றவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள். நான் ஒவ்வொரு மைல் கல்லிலும் கை வைத்து நின்று நின்று வந்தேன். ஊருக்குள் நுழைந்தபோது வீடுகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் யாரும் காத்து நிற்கவில்லை. உள்ளே வட்டிலில் களி உருட்டி, கீரைக் கடைசலை ஊற்றி, மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. அவள் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ஆறிப்போச்சு. அப்படியே சாப்புடுங்க."

நான் அடுப்படிச் சுவரில் தோளைச் சாய்த்து, நின்றபடியே சாப்பிட்டேன். பால் செம்பில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.